எந்த நாள், எந்த நேரம், எந்த ஊர் வானம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிசேஷக் கதைகள் எல்லாமே வானியல் உருவகங்கள்தான் என்று வாதிடும் கட்டுரையின் முதல் பகுதியைச் சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். இயேசு என்றால் சூரியன். பன்னிரண்டு சீஷர்கள் பன்னிரண்டு ராசிகள். மரியாள் கன்னி ராசி. சூரியன் டிசம்பர் 22-இல் 'இறந்து', மூன்று நாள் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தின் அருகே அசையாமல் கிடந்து, 25-இல் 'உயிர்த்தெழுகிறது'. குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள் பார்த்த நட்சத்திரம் வானத்தில் மிகப் பிரகாசமான சிரியஸ், பின்னால் வரும் மூன்று ராஜாக்கள் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். 2007-இல் இணையத்தில் பரவிய ஒரு ஆவணப்படத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல் உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழில் இவ்வளவு விரிவாக அச்சில் வந்து நான் பார்த்தது இப்போதுதான்.

பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள்; ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் வகுப்பு எடுக்கிறேன். அதனால், என் விசுவாசம் புண்பட்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவிசேஷங்களைக் கேள்வி கேட்கக் கட்டுரையாளருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் சாட்சிக்கு அழைத்திருப்பது வானத்தை. அந்தச் சாட்சியை அவர் ஒரு இடத்தில்கூட விசாரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தென்சிலுவையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலையில் நடக்கும். முடிந்து ஐந்தரை மணி வாக்கில் வெளியே வரும்போது, மழை மேகம் இல்லாத வருஷமாக இருந்தால், தெற்கே அடிவானத்துக்கு மேல் அந்தச் சின்னச் சிலுவை சற்றே கிழக்குப் பக்கம் சாய்ந்து நிற்பது தெரியும். கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அந்தக் கணக்கில் அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரம். சூரியன் உதிப்பது ஒரு மணி நேரம் கழித்து, நேர் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி. சிலுவைக்கும் சூரியனுக்கும் நடுவே ஆறு முட்டிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையே முட்டி வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறேன்; ஆறாவது படிக்கிற குழந்தைக்கும் இது முடியும்.

2,000 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். வேறாகத்தான் இருந்தது, ஆனால் கட்டுரைக்குச் சாதகமாக அல்ல. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்களின் பின்னணியில் சூரியனின் திருப்பப் புள்ளிகள் (அது வடக்கேயோ தெற்கேயோ திரும்பும் இடங்கள்) 72 ஆண்டுக்கு 1 பாகை வீதம் நகர்கின்றன. நம் பஞ்சாங்கத்திலேயே இதற்கு அத்தாட்சி உண்டு: சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், மகர சங்கராந்தி வருவதோ ஜனவரி 14 அல்லது 15-இல். ஒரு காலத்தில் சேர்ந்திருந்த இரண்டும் இன்று மூன்று வாரத்துக்கு மேல் பிரிந்து நிற்கின்றன. இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், இயேசுவின் காலத்தில் டிசம்பர் சூரியனுக்கும் தென்சிலுவைக்கும் இடையே ஏறக்குறைய 80 பாகை இருந்திருக்கிறது. சூரியன் போகும் பாதை எந்தக் காலத்திலும் அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் போனதில்லை, போகவும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று எருசலேமிலிருந்து அந்த நட்சத்திரங்கள் தெரிந்தன, உண்மை. ஆனால் அவற்றை யாரும் தனியாக ஒரு சிலுவை என்று எண்ணவில்லை. 2-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி தொகுத்த நட்சத்திரப் பட்டியலில் அவை சென்டாரஸ் என்ற பாதி மனித, பாதிக் குதிரை உருவத்தின் கால்களில் அடங்குகின்றன. தனிச் சிலுவையாகப் பிரித்து வரைந்தது 16-ஆம் நூற்றாண்டில், தெற்குக் கடல்களில் கப்பலோட்டத் தொடங்கிய ஐரோப்பியர்கள். முதல் நூற்றாண்டில் எழுதிய ஒருவர், இல்லாத ஒரு உருவத்தை வைத்து எப்படிக் கதை கட்டியிருப்பார்?

அடுத்தது 'மூன்று நாள் அசையாமல் நிற்கும் சூரியன்'. பள்ளியில் கொடிக்கம்பத்தின் நண்பகல் நிழலைச் சுண்ணாம்பால் குறித்து வைப்பது எங்கள் டிசம்பர் மாத வேலை. மூன்று மீட்டர் கம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்ப நாளில் பாளையங்கோட்டையில் அதன் நிழல் ஏறக்குறைய 1.9 மீட்டர். மூன்று நாள் கழித்து அந்த நிழல் எவ்வளவு சுருங்கியிருக்கும்? சுமார் 2 மில்லிமீட்டர். நிழலின் விளிம்பே அதைவிடப் பல மடங்கு அகலத்துக்கு மங்கிப் போயிருக்கும். எந்தக் கண்ணாலும் அதைப் பிரித்துக் காண முடியாது. ஒரு வாரம் கழிந்தால்தான் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வித்தியாசம் வரும். திருப்பத்துக்கு முன்னும் பின்னும் அப்படித்தான். அதாவது வெறுங்கண்ணுக்குச் சூரியன் நின்றது போலத் தெரிவது பத்து நாளுக்கும் மேல். 'மூன்று' என்ற எண்ணை வானம் தரவில்லை. சுவிசேஷத்திலிருந்து எடுத்து வானத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு வானத்திலிருந்து சுவிசேஷத்துக்கு வந்தது என்கிறார்கள்.

போதாததற்கு, சுவிசேஷத்தில் அந்த மூன்று நாள் வருவது யூதர்களின் பஸ்கா பண்டிகையின்போது, வசந்த காலத்தில். குளிர்காலத் திருப்பத்துக்கும் அதற்கும் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி. கட்டுரையாளர் ஓரிடத்தில் மரணத்தை டிசம்பரில் வைக்கிறார். இன்னொரு இடத்தில் 'பகல் இரவை வெல்லும் மார்ச் மாதம்' என்று உயிர்த்தெழுதலை மார்ச்சுக்குக் கொண்டுபோகிறார். இரண்டில் எது என்று அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.

ஓரியனும் சிரியஸும் டிசம்பர் 24 இரவில் நேர்கோட்டில் வந்து அடுத்த நாள் சூரியன் உதிக்கும் இடத்தைக் காட்டுகின்றனவாம். மார்கழித் திருவாதிரையின் ஆதிரை நட்சத்திரம் இந்த ஓரியனில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்கும் பழகிய வானம்தான். அந்த மூன்று நட்சத்திரங்களை இணைத்துக் கோடு நீட்டினால் சிரியஸின் அருகே போகும், சரி. ஆனால் அது நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான், ஆண்டு முழுவதும் அப்படித்தான். நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், அவ்வளவுதான் மாற்றம். டிசம்பர் முழுவதும் சூரியன் உதிக்கும் திசையும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அந்தக் கோடு எதைக் காட்டினாலும் வாரக்கணக்கில் காட்டும். 24-ஆம் தேதிக்கு அதில் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. 25-ஆம் தேதி சூரியன் உதிக்கும் நேரத்தில் பார்த்தால் ஓரியன் மேற்கே மறைந்திருக்கும், சிரியஸ் மறையும் தறுவாயில் இருக்கும். மத்தேயு ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. மூன்று என்பது காணிக்கைகளின் எண்ணிக்கை.

கட்டுரையில் வானம் ஒத்துக்கொள்ளும் செய்தியே இல்லையா என்றால், உண்டு. டிசம்பர் 25 நள்ளிரவில் கிழக்கே கன்னி ராசி எழத் தொடங்குகிறது என்பது சரி. இங்கேயும் பார்க்கலாம், கன்னியின் சித்திரை நட்சத்திரம் மேலே வர இரவு ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் டிசம்பர் 25 என்ற தேதி நான்கு சுவிசேஷங்களில் ஒன்றிலும் இல்லை. ரோமில் அந்தத் தேதி கிறிஸ்துவின் பிறந்த நாளாக எழுத்தில் கிடைப்பது 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில். சுவிசேஷங்கள் எழுதப்பட்டு 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒட்டிய தேதியை வைத்து, சுவிசேஷம் எழுதியவர்களின் மனதில் கன்னி ராசி இருந்தது என்று சொல்ல முடியாது.

அதே தொகுப்பில் டிசம்பர் 25 'வெல்லப்படாத சூரியனின்' பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வருகிறேன். ஆதித் திருச்சபைக்கும் சூரியனுக்கும் உறவு இருந்தது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் அடியில் உள்ள ஒரு கல்லறையில், 3-ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்றில், கிறிஸ்துவைக் கதிர்முடியோடு தேரேறும் சூரியனாக வரைந்திருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் மல்கியா தீர்க்கதரிசியின் 'நீதியின் சூரியன்' என்ற வசனம் அந்த ஓவியனின் மனதில் இருந்திருக்கலாம். 5-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ, பேராலயப் படிகளில் ஏறியபின் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கும் கிறிஸ்தவர்களைத் தன் பிரசங்கத்தில் கடிந்துகொண்டார். 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று யோவான்ஸ்நானன் சொன்னதை, ஜூன் மாதத்தில் வரும் ஸ்நானனின் திருநாளுக்குப் பிறகு பகல் குறைவதோடும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பகல் வளர்வதோடும் பொருத்திப் பேசியவர் ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டின். பண்டிகைக்குள் சூரியன் எப்படி வந்தது என்பது நல்ல வரலாறு. கட்டுரையாளர் அதை எழுதியிருந்தால் நானே அவருக்கு நன்றி சொல்லி எழுதியிருப்பேன்.

பன்னிரண்டு ராசி விஷயத்திலும் கட்டுரை இன்னும் சுவையான உண்மையைத் தவறவிட்டிருக்கிறது. சீஷர்களையும் ராசிகளையும் இணைத்துப் பேசியது நவீன நாத்திகர்கள் அல்ல. 2-ஆம் நூற்றாண்டிலேயே தியோடோட்டஸ் என்ற கிறிஸ்தவ ஞானமரபுக்காரர் (மறைஞானத்தால் மீட்பு என்று போதித்த 'நாஸ்டிக்' பிரிவினர்) அப்படிப் பேசினார்: மனிதப் பிறப்பை ராசிகள் ஆள்வது போல, மறுபிறப்பை அப்போஸ்தலர்கள் ஆள்கிறார்கள் என்றார். திருச்சபை ஆசிரியர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து எடுத்து எழுதிவைத்த குறிப்புகளில் இது இருக்கிறது. ராசிகளின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் வந்துவிட்டார்கள் என்பதே அவருடைய பேச்சு; அப்போஸ்தலர் என்று யாருமே இல்லை, ராசிகள்தான் உண்டு என்று அவர் சொல்லவில்லை. கலிலேயாக் கடலோரம் ஹம்மாத் திபேரியாவில் 4-ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்றின் தரையில், நடுவே சூரியனும் சுற்றிலும் எபிரெயப் பெயர்களோடு பன்னிரண்டு ராசிகளும் மொசைக்காக இருக்கின்றன. அந்தப் பகுதி மக்கள் ராசிகளை அறிந்திருந்தார்கள், ஜெப ஆலயத் தரையிலேயே வரைந்தார்கள். ஆனால் சீஷர்கள் ஏன் பன்னிரண்டு பேர் என்பதற்கு மத்தேயு 19:28 நேராகவே பதில் சொல்கிறது: இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள். எழுதியவரே காரணம் சொல்லியிருக்கும்போது வேறு காரணம் தேடுகிறவர் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும். எந்த சீஷன் எந்த ராசி என்று கேட்டாலும் ஒத்த பதில் கிடையாது. 1627-இல் ஆக்ஸ்பர்க்கில் ஜூலியஸ் ஷில்லர் என்பவர் வான உருவங்களுக்கெல்லாம் வேதாகமப் பெயர் சூட்டி வரைபடம் வெளியிட்டார். அதில் பேதுரு மேஷம். அது அவருடைய பக்தியின் விருப்பம், வானத்தின் சாட்சியம் அல்ல.

தண்ணீர்க்குடம் சுமந்துவருகிற மனுஷனைக் (லூக்கா 22:10) கும்ப ராசி ஆக்கி, 'மீன யுகம் முடிந்து கும்ப யுகம் வரும்' என்று படிப்பது இதைவிடப் பலவீனம். ராசிகளுக்கு இன்று வானியலாளர்கள் பயன்படுத்தும் எல்லைக்கோடுகள் 1928-இல் தீர்மானிக்கப்பட்டவை. அந்த எல்லைப்படி வசந்தப் புள்ளி, அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் இடம், கும்பத்துக்குள் போவது 2600-ஐ ஒட்டித்தான். பூமி அச்சின் மெல்லிய சுழற்சியால் வரும் இந்த நகர்வைக் கண்டுபிடித்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர், உண்மை. ஆனால் அதை 'யுகங்களாக' வெட்டிச் சரித்திரம் எழுதுவது பிற்காலப் பழக்கம்.

இந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஷார்ல் ஃபிரான்சுவா டுப்புயி என்ற அறிஞர், வானியலாளர் லாலாந்திடம் பாடம் கேட்டவர், 1795-இல் பல பாகங்களாக ஒரு பெரிய நூல் வெளியிட்டார். உலக மதங்கள் எல்லாம் சூரிய, நட்சத்திர வழிபாட்டின் வேஷங்கள், கிறிஸ்துவும் சூரியனே என்பது அதன் சாரம். கன்னி ராசி நள்ளிரவில் எழுவது உட்பட இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவருடையது. அவர் உண்மையாகவே உழைத்தவர். எகிப்து முதல் இந்தியா வரை கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்தவர். அவருக்கு 1827-இல் பதில் சொன்னார் பெரெஸ், அஜான் நகரத்து நூலகர். ஒரு சிறு நூல்தான். நெப்போலியன் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அவர் சூரியனின் உருவகம் என்று டுப்புயியின் முறையாலேயே அதில் 'நிரூபித்தார்'. நெப்போலியன் மத்தியதரைக் கடல் தீவில் தோன்றினார், மேற்குக் கடலில் மறைந்தார்; நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள்; படை நடத்திய பன்னிரண்டு மார்ஷல்கள் பன்னிரண்டு ராசிகள்; பன்னிரண்டு ஆண்டு ஆட்சி பகலின் பன்னிரண்டு மணி நேரம். நெப்போலியன் இறந்து அப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. அவரோடு போருக்குப் போனவர்கள் உயிரோடிருந்தார்கள்.

பெரெஸின் நூல் சுவிசேஷங்களை வரலாறு என்று நிரூபித்துவிடவில்லை. பொருத்தம் கண்டுபிடிப்பது நிரூபணம் ஆகாது என்பதை மட்டும் அது காட்டியது. பன்னிரண்டு, ஏழு, நான்கு, மூன்று என்ற எண்கள் எந்தக் கதையிலும் இருக்கும், வானத்திலும் இருக்கும். தவறு என்று தெரியவருவதற்கு வழியே இல்லாத வாதம் எதையும் நிரூபிப்பதில்லை.

இந்த அளவுகோலை எங்கள் பக்கத்துக்கும் நான் வைக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் கணினித் திரையில் வானத்தைப் பின்னோக்கி ஓட்டி, 'இதோ பெத்லகேம் நட்சத்திரம், அறிவியல் நிரூபித்துவிட்டது' என்றார், ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு அது வேதனையாக இருந்தது. வானியலாளர் கெப்ளர் 1603 டிசம்பரில் வியாழனும் சனியும் நெருங்கியதைப் பார்த்து, மறு ஆண்டு அதே பகுதியில் ஒரு புதிய நட்சத்திரம் வெடித்ததையும் பார்த்து, இவற்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். கி.மு. 7-இல் மீனத்தில் வியாழனும் சனியும் ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கின என்பது உண்மையான கணக்கு. ஆனால் அப்போதும் இடைவெளி ஏறக்குறைய 1 பாகை. இரண்டு முழு நிலவை அருகருகே வைத்த அளவு. 2020 டிசம்பர் 21-இல் நாமெல்லாம் மேற்கே பார்த்தோமே, அந்த நெருக்கம் அதைவிடப் பத்து மடங்கு அதிகம். அதற்கும் மேலாக, மத்தேயுவின் நட்சத்திரம் சாஸ்திரிகளுக்கு முன்னே சென்று பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் வந்து நின்றது. எந்தக் கிரகமும் ஒரு வீட்டுக்கு மேல் நிற்காது. அற்புதம் என்று நம்புகிறவர் அற்புதம் என்றே சொல்லட்டும். கிரகங்களைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்க வேண்டாம்.

சிலுவை மரணத்தின்போது வந்த மூன்று மணி நேர இருளைச் சூரிய கிரகணம் என்று விளக்குவதும் அப்படித்தான். பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வரும்; சூரிய கிரகணமோ அமாவாசையில்தான் வரும். முழுக் கிரகணத்தின் முழு இருள் ஒரே இடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. இந்தப் பௌர்ணமி முரணை 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சுட்டிக்காட்டிவிட்டார். தொலைநோக்கி இல்லாத காலம். ஆனாலும் வானம் சம்மதிக்காத விளக்கத்தை, தன் பக்கத்துக்கு உதவக்கூடியதாக இருந்தும், அவர் ஏற்கவில்லை. அவரைப் பற்றி என் பிள்ளைகளிடம் பேசும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பெத்லகேம் நட்சத்திரமும் சிலுவை நேரத்து இருளும்தான் அதில் பேசுபொருள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் கட்டுரையாளரிடம் ஒவ்வொரு வானக் கூற்றுக்கும் எந்த ஆண்டு, எந்த நாள், எந்த நேரம், எந்த ஊரிலிருந்து பார்த்த வானம் என்று எழுதித் தரக் கேளுங்கள். இலவச வான்காட்சி மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. வாசகர்கள் அந்த நாளையும் ஊரையும் போட்டுத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் பகுதியில் தென்சிலுவை, மூன்று நாள், ஓரியன் பற்றி வந்த மூன்று கூற்றுகளுக்கும் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அளவுகளும் கணக்குகளும் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.